அமத்துங்க, விடாதீங்க!

"அமத்துங்க ஐயா! நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க!"

காருக்கு அடியிலிருந்து லோரன்ஸ் கத்தினான். மேலே சுவக்கின் ஐயா பிரேக்கை மிதித்தார். பிரேக் எண்ணெய்க்குள் புகுந்திருந்த காற்றை வெளியேற்ற லோரன்ஸ் திருகைத் தளர்த்த, ரப்பர் குழாய் வழியாகப் போத்தலுக்குள் குமிழிகள் வந்தன. அவன் திருகை மூடுவதற்குள் மேலே கால் எழும்பிவிட்டது. வெளியே வந்த காற்று பழையபடி உள்ளே போய்விட்டது.

"விடச் சொல்லலையே ஐயா!"

"மாதா கோயில் ஆர்மோனியத்த மிதிச்சுப் பழகின கால் தம்பி. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

கோயிலில் அந்தக் கால் தாளம் தப்பி யாரும் கேட்டதில்லை.

கண்டிக்கு எண்ணெய் பிரேக் கார்கள் புதிதாக வந்த காலம். ஆபீஸ் கிளாக்கரான சுவக்கின் ஐயா, சீமைக்குப் போன துரை ஒருவரிடம் மலிவாக வாங்கிய கார் இது. பேராதனை ரோட்டு கராஜில் வேலை செய்யும் லோரன்ஸ், மூன்று நாளாகப் பொழுது சாய்ந்ததும் அம்பிட்டியவில் உள்ள ஐயா வீட்டுக்கு ஓடி வருகிறான். காரின் மேல் அவனுக்குப் பாசமில்லை. பாசமெல்லாம் ஐயாவின் மகள் றோஸ் மேல். பிரேக்கைச் சரிசெய்து நல்ல பேர் வாங்கி, அதே சூட்டோடு பெண் கேட்பதாகத் திட்டம்.

திட்டத்தில் ஓர் ஓட்டை. கார் சரியானால், நாளை ஞாயிற்றுக்கிழமை ஐயா கடுகண்ணாவைக்குப் போவார். அங்கே அவருடைய அக்கா றோஸுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அக்காவிடம் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் ஐயாவுக்குப் பிறவியிலேயே கிடையாது. சரிசெய்தால் றோஸ் போய்விடுவாள். செய்யாவிட்டால் மானம் போய்விடும்.

"என்னமோ கேக்க வந்தாப்புல இருக்கே தம்பி?"

"மொதல்ல பிரேக் முடியட்டும் ஐயா."

ஐயா பெருமூச்சு விட்டார். கால் மறுபடியும் எழும்பியது.

லோரன்ஸ் ரப்பர் குழாயை மாற்றினான். காற்று போகவில்லை. மாஸ்டர் சிலிண்டரையே கழற்றிக் கழுவிப் பூட்டினான். எண்ணெய் சிதறி ஐயாவின் பூசை வேட்டி பாழானதுதான் மிச்சம். இனி இவர் காலை நம்பிப் பிரயோசனமில்லை, பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுப்போம் என்று நினைத்தான். தேடிய அவசரத்தில், சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையையே உருவிவிட்டான்.

"ஐயா, கைப்பிரேக்!"

"அது துரை காலத்துலயே செத்துப்போச்சு!"

கார் ஐயாவோடு நிதானமாகச் சரிவில் இறங்கி, கோழிக்கூட்டில் முட்டி நின்றது. கோழிகள் ரோட்டுக்குப் போய்விட்டன.

லோரன்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. சாமான்களைப் பைக்குள் போட்டான்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. விடியக் கராஜுல இருந்து வேற ஆள அனுப்புறேன். அவரு ஒடனே சரிபண்ணிருவாரு."

"வேற ஆளா?" ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் தம்பி! இன்னும் ஒரே ஒருதரம்..."

தேத்தண்ணீரோடு வந்த ஐயாவின் மனைவி சூசையம்மா, திண்டாடி நின்ற லோரன்ஸின் கையில் கோப்பையைத் திணித்தாள்.

"தம்பி, றோஸக் கேக்குறதுன்னா இப்பவே கேட்டுருங்க. நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு மூணு நாளா வேணும்னே காலத் தூக்கித் தூக்கி, இவருக்கு மொழங்கால் வீங்கிப்போச்சு."