சிசி பின்னால் உட்கார்ந்து பார்த்த வண்டிகள்

சென்னையில் மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்குப் போய், "வண்டிய நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன்" என்று சொன்ன ஒரே மனிதர் சிசிதான். இன்னொருவர் இருக்கிறார் என்றால் தயவுசெய்து இருவரையும் ஒரே கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். யார் பின்னால் உட்காருவது என்று அடித்துக்கொள்வார்கள்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்தில் எனக்கு எதிர்வீடு அவர். தரமணியில் ஒரு கல்லூரியில் ஸ்டோர் கீப்பர். அவருடைய சொந்தப் பெயர் மின்சார மீட்டரின் மேல் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுவது மின்வாரியம் மட்டும்தான். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் என்ஜின் கணக்கில், சிசி கணக்கில், அளப்பார். அதனால் எங்களுக்கு அவர் சிசி. காபி தண்ணீராக இருந்தால், "ஐம்பது சிசி, சார். மொபெட் காபி." குடியிருப்போர் சங்கத் தலைவர் கூட்டத்தில் கத்தினால் என் காதருகே குனிந்து, "சத்தம் ஐந்நூறு. உள்ள இருக்கற என்ஜின் நூறுதான்."

நான் குடிவந்த முதல் வாரமே என்னையும் அளந்துவிட்டார். "நீங்க நூத்திப்பத்து, சார். தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல மைலேஜ். வழியில நிக்காத வண்டி."

சாவிக்கொத்து, ஊறுகாய் ஜாடி, சுத்தியல் என்று வீட்டில் எதுவானாலும் சீட்டு ஒட்டிப் பெயர் எழுதி வைக்கிறவன் நான். ஆகையால் மறுத்துப் பேச வழியில்லை.

சிசியிடம் இருந்ததும் ஒரு நூறு சிசி வண்டிதான். மகன் பிறந்த வருடம் வாங்கியது. மகன் வளர்ந்து, படித்து, புனேயில் வேலைக்கும் போய்விட்டான். வண்டி மட்டும் வீட்டைவிட்டுப் போவதாக இல்லை. இந்த வண்டியை வைத்துக்கொண்டு அவர் மனைவி கோமதிக்கு ஓர் ஆசை. கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி வரை பைக்கில் போக வேண்டும். பஸ் கூடாது, கார் கூடாது, பைக்.

ஒருமுறை கிளம்பியும் பார்த்தார்கள். கோவளத்தில் வண்டி இருமியது. நிழலில் நிறுத்தி, ஆளுக்கோர் இளநீர் குடித்து, வண்டிக்கும் ஓய்வு கொடுத்துத் திரும்ப உதைத்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் இருமல் நின்றது. கூடவே வண்டியும் நின்றது. மூன்று பேரும் (வண்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) லோடு ஆட்டோவில் மாம்பலம் வந்து இறங்கினார்கள்.

அன்றே சிசி என் வீட்டு அழைப்பு மணியை அடித்தார். "முடிவு பண்ணிட்டேன் சார். முந்நூத்தைம்பதுக்குக் கீழ பேச்சே இல்ல. புதுச்சேரி போயே ஆகணும். இந்த வருஷம் விட்டா அப்புறம் கிடையாது. என் முழங்காலே இப்ப ரிசர்வ்லதான் ஓடுது."

எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. எடுத்த காரியத்தை ஒழுங்காக முடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையே நியமித்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் சிசி முன்னால் போக, என் ஸ்கூட்டரில் நான் பின்னால் போவேன்.

முதல் கடை தி. நகரில். கிளம்பும்போதே எனக்கு ஓர் அதிர்ச்சி. சிசி வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஒரு முழுப் பூசணிக்காய்.

"என்ன சார் இது?"

"கோமதி புடவ கட்டிக்கிட்டு ஒன் சைடாத்தான் உக்காருவா. மடியில எப்பவும் ஒரு பை இருக்கும். நான் ஓட்டிப் பாத்து என்ன தெரிஞ்சுக்கப் போறேன்? அவ எப்படி உக்காருவாளோ அப்படி உக்காந்து பாத்தாத்தானே தெரியும்?"

"அவங்களையே கூட்டிட்டு வரலாமே?"

"நல்லாச் சொன்னீங்க. சேல்ஸ்மேன் சிரிச்சுப் பேசினாலே 'இதையே எடுத்துடுங்க'ம்பா."

கடையில் விற்பனைப் பையன் சாவியை நீட்டினான். சிசி வாங்கவில்லை. "நீ ஓட்டு, தம்பி." அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்தேன். அவன் ஏறினான். பின்னால் சிசி வேட்டியை ஒதுக்கி, கால்கள் இரண்டையும் இடப்பக்கம் தொங்கவிட்டு, பூசணிக்காயை மடியில் வைத்து, வலது கையைப் பையனின் தோளில் போட்டார். பனகல் பார்க்கைச் சுற்றி அந்த ஊர்வலம் போனபோது, புடவை வாங்க வந்த கூட்டம் புடவையை மறந்தது. பூ விற்கிற அம்மா ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "எம்மாடி! யாரைப்பா பொண்ணு பாக்க இட்டுக்கினு போற?"

பாதிச் சுற்றில் பையன் கூச்சம் தாங்காமல் சொன்னான். "சார், தோள விட்டுடுங்களேன். பின்னாடி நல்ல கைப்பிடி இருக்கு, அதப் புடிச்சுக்கலாம்."

சிசி தடவிப் பார்த்தார். இருந்தது. பளபளவென்று, கெட்டியாக, கைக்கு அடக்கமாக. கடைக்குத் திரும்பி இறங்கியதும் ஒரே வார்த்தைதான். "சரிப்படாது."

"ஏன் சார்? சீட் நல்லாத்தானே இருக்கு?"

"சரிப்படாதுன்னா சரிப்படாது. நாலு கடை பாப்போம்."

நாலு கடை பார்த்தோம். கே.கே. நகரில் ஒரு வண்டி சிங்கம் மாதிரி உறுமியது. சிசிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இருந்தும் கைப்பிடியைத் தொட்டார், இறங்கினார், "சரிப்படாது." அடையாறில் ஓட்டிக் காட்ட வந்தது ஒரு பெண். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "ஏறுங்க அங்கிள்" என்றாள். சிசி கூச்சத்தோடு தோளுக்குப் பதில் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஓரங்கட்டச் சொன்னார்.

"இன்னாம்மா இது, ஷூட்டிங்கா? கேமரா எங்க கீது?"

"டெஸ்ட் டிரைவ் சார். இவர்தான் கஸ்டமர்."

"கஸ்டமர் பின்னாடி குந்திக்கினு இன்னாத்த டெஸ்ட் பண்றாரு? பூசணிக்காவயா?"

"என் ஒய்ஃபுக்காக, சார்" என்றார் சிசி. காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மற்ற வண்டிகளை நிறுத்தி, இவர்களை முதலில் போகவிட்டார்.

அந்த வண்டியும் சரிப்படவில்லை.

எனக்குப் பொறுமை போயிற்று. இவருடைய பழைய வண்டியில் அப்படி என்ன சொகுசு என்று பார்க்க எங்கள் தெருமுனை மெக்கானிக் முனுசாமியிடம் போனேன். சிசி வாராவாரம் அங்கேதான் வண்டியைக் குளிப்பாட்டுவார். ஒரு போல்ட் துருப்பிடித்தால் மாற்றிவிடுவார்.

"அத்த கேக்காத சார்" என்றார் முனுசாமி. "அல்லாத்தையும் மாத்துவாரு. பின்னாடி கைப்பிடி மட்டும் ஒட்ஞ்சு எத்தினியோ வர்சமாச்சு. அக்கா உயுந்துடப் போவுது, புச்சா ஒண்ணு மாட்டிர்றேன்னா வாணாம்றாரு. காசும் கேக்கல சார் நானு! வாணாம்னா இன்னா அர்த்தம்?"

எனக்கும் அர்த்தம் தெரியவில்லை.

விஷயம் என் மனைவி மூலம் கோமதிக்குப் போனது. அதாவது பூசணிக்காய், வேட்டி, பனகல் பார்க், எல்லாம். அடுத்த சனிக்கிழமை சிசி கிளம்பும்போது கோமதி வாசலில் தயாராக நின்றார். சுரிதாரில், தலையில் ஹெல்மெட்டோடு.

"ஏங்க, இன்னிக்கு நானே வரேன்."

கே.கே. நகர்ச் சிங்கத்துக்கு முன்னால் போய் நின்றோம். சிசிக்கு முகம் வெளிறியிருந்தது. கோமதி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு ஒரு காலைத் தூக்கிப் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஒன் சைடு..." என்றார் சிசி.

"ஒன் சைடா உக்காந்தா புதுச்சேரி போறப்ப கடல் தெரியும். வர்றப்ப? வழியெல்லாம் காம்பவுண்டு சுவரையா பாத்துக்கிட்டு வர்றது? நீங்க முன்னாடி ஏறுங்க."

சிசி ஏறினார். விற்பனையாளர் வழக்கம்போல ஆரம்பித்தார். "மேடம், பின்னாடி கைப்பிடி இருக்கு, நல்லா கெட்டியா..."

"அது எதுக்கு?" என்றார் கோமதி. "அதான் இவர் இருக்காரே." இரண்டு கைகளையும் தூக்கி, சிசியின் இரண்டு தோள்களிலும் வைத்தார்.

சிசி ஸ்டார்ட் செய்தார். சிங்கம் உறுமியது. தெருக்கோடி வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. தெருக்கோடி வந்தது. வண்டி திரும்பவில்லை. வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு ஒரு பொட்டாகி, அதுவும் மறைந்தது.

நாங்கள் காத்திருந்தோம். விற்பனையாளர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு நாற்காலி வந்தது. பிறகு டீ வந்தது. பிறகு மேனேஜர் வந்தார். "சார், உங்க லைசென்ஸைக் கொஞ்சம் குடுத்து வைக்கிறீங்களா?" வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு பொருளுக்கு ஈடாக வைக்கப்பட்டேன்.

ஒருவழியாகக் கைப்பேசி ஒலித்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே கோமதியின் குரல். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"அண்ணே! இவர் வண்டிய நிறுத்தவே மாட்டேங்கறாரு அண்ணே! கோவளம் தாண்டிட்டோம்!"

"வண்டி இருமுதாம்மா?"

"இருமலா? பறக்குது அண்ணே!"

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. விற்பனையாளரும் தட்டினார்.

பெட்ரோல் முள் பயமுறுத்தியதால் திரும்பி வந்தார்களாம். இல்லாவிட்டால் அன்றே புதுச்சேரிதான். முடியெல்லாம் கலைந்து, முகமெல்லாம் உப்புக்காற்றோடு சிசி இறங்கினார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள், "இந்த வண்டிதான். பில் போடுங்க" என்றார். பிறகு என்னை ஓரமாக இழுத்துப்போய், சிறுபிள்ளை ரகசியம் சொல்வது போலச் சொன்னார்.

"ரெண்டு கை, சார். இத்தன வருஷமா ஒரு கைதான் தோள்ல இருந்துது. புது வண்டியில கைப்பிடி கெட்டியா இருக்கே, அந்த ஒண்ணும் போயிடுமோன்னு பயந்துக்கிட்டிருந்தேன். இப்ப ரெண்டு!"

முனுசாமி கேட்ட கேள்விக்கு எனக்கு அங்கே பதில் கிடைத்தது.

அடுத்த மாதமே புதுச்சேரி போய் வந்துவிட்டார்கள். கடல், போகும்போது இடப்பக்கமும் வரும்போது வலப்பக்கமும் தவறாமல் இருந்ததாகக் கோமதி சொன்னார்.

நான் என் ஸ்கூட்டரை முனுசாமியிடம் கொண்டுபோனேன். பின்னால் இருக்கும் கைப்பிடியைக் கழற்றச் சொன்னேன்.

"ஒட்ஞ்சிச்சா சார்?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

முனுசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இன்னா சார், உனக்கும் வந்துச்சா?"

கழற்றிய கைப்பிடியைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, பரணில் வைத்திருக்கிறேன். வழக்கம்போல அதன் மேல் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன். அதில், "உபயம்: சிசி" என்று எழுதியிருக்கிறது.