நான்காவது சார்ஜர்

“ராத்திரி பூரா சொருகி வச்சிருக்கேன், நாப்பத்தொண்ணுலயே நிக்குதே!”

மின்சாரக் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிக்காரர் போட்ட கூச்சலில், மனைவி கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

“எதுங்க நிக்குது?”

“சார்ஜ்! படுக்கும்போது முப்பத்தஞ்சு. இப்ப நாப்பத்தொண்ணு. சார்ஜர் மண்டையைப் போட்டுடுச்சு.”

“பச்சை லைட் எரியுதே.”

“எரியுது. ஆனா போனைப் பாரு. ராத்திரி கரண்ட் நின்னு போச்சுன்னு ஒரு சேதி. விடியக்காலையில திரும்ப வந்துடுச்சுன்னு இன்னொரு சேதி. படுத்ததும் செத்துப் போயி, கோழி கூவுற நேரத்துக்கு உயிர்த்து எழுந்திருக்கு!”

கண்ணாடிக்காரர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் பார்வையை எல்லாம் சரிசெய்கிற மனிதர். சார்ஜர் கெட்டது கூட அவருக்குப் பெரிய வருத்தமில்லை. மாமனார் இவர் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் நேரம் பார்த்து அது காலை வாரியதுதான் வயிற்றெரிச்சல்.

மாமனார் ஒரு மாணவர் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் காவல் விடவில்லை. படுக்கும் முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்னறைக் கட்டிலில் சாய்வார். வாயில் பாராட்டு என்பது வராது. எதைக் காட்டினாலும் “பரவாயில்ல” என்பார், அதுவே உச்சம். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளைக்கு அந்தப் “பரவாயில்ல” கூடக் கிடைத்ததில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரில் பழைய விடுதி மாணவர்கள் எல்லாரும் கூடி மாமனாருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். அவரைத் தன் மின்சாரக் காரில் கொண்டுபோய் ராஜா மாதிரி இறக்கவேண்டும், அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்கவேண்டும் என்று கண்ணாடிக்காரர் மாதக்கணக்கில் கனவு கண்டுகொண்டிருந்தார்.

மனைவியின் தம்பியான மச்சானுக்கோ வேறு கனவு. அடுத்த தெருவில் இருக்கும் அவன் பெட்ரோல் கார் வைத்திருப்பவன்.

“எதுக்கு மச்சான் வீண் ரிஸ்க்கு? அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். உங்க பொம்மைக் காரை வாசல்லயே நிறுத்தி அழகு பாருங்க.”

“அது பொம்மை இல்ல. ஞாயித்துக்கிழமை பார்க்கத்தானே போறே” என்றார் கண்ணாடிக்காரர். நாக்கு முந்திக்கொண்டுவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது.

எலக்ட்ரீஷியன் வந்தார். கார் நிற்கும் இடத்துச் சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டைச் சோதித்தார்.

“பதினாறு ஆம்பியர் பாயின்ட். ஒயரும் நல்ல கனம். லைன்ல ஒரு குத்தமும் இல்ல சார்.” பிறகு சார்ஜர் பெட்டியைத் திறந்து உற்றுப் பார்த்தார். “உள்ளயும் எல்லாம் பளிச்சுன்னு இருக்கு.”

“அப்ப என்னதாங்க கோளாறு?”

“அதான் சார் கோளாறே. கோளாறு இருந்தா சரிபண்ணலாம். கோளாறே இல்லாம கெட்டுப்போனதை நான் என்ன பண்ண?”

சொல்லிக்கொண்டே பெட்டியை மூடப் பார்த்தார். மூடவில்லை. இரண்டு திருகாணிகள் உருண்டு சாக்கடைக்குள் போய்ச் சேர்ந்தன. ஓடிக்கொண்டிருந்த சார்ஜர் இப்போது நிஜமாகவே ஓடாது என்றாகிவிட்டது.

“புதுசா ஒண்ணு வாங்கிடுங்க சார், நிம்மதி” என்று எலக்ட்ரீஷியன் நழுவினார்.

சார்ஜர் கடைக்காரப் பெண் மூன்று பெட்டிகளை மேஜையில் பரப்பினாள். கண்ணாடிக்காரர் தன் கடையில் வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு வில்லையாக மாற்றி, “இது தெளிவா? இல்ல, இது தெளிவா?” என்று கேட்கிற ஆள். இங்கே நிலைமை தலைகீழ்.

“இதுவா சார், இல்ல இதுவா?” என்றாள் அவள்.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?”

“எல்லாமே வீட்டு பாயின்ட்ல சொருகுறதுதான் சார். உங்க காருக்கும் பொருந்தும். ஆனா இதுல பெரிய திரை இருக்கு. எவ்வளவு கரண்ட் போகுது, எவ்வளவு சூடு, எல்லாம் கொட்டை எழுத்துல காட்டும். தெருமுனையில நின்னே படிக்கலாம்.”

கொட்டை எழுத்து என்றதும் கண்ணாடிக்காரரின் தொழில் புத்தி துள்ளியது. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை திரையில் எழுத்துகள் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. சார்ஜ் நான்கு ஏறியிருந்தது.

“பழசே தேவலையே!” என்றாள் மனைவி.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

“தரையில கிடந்தா சூடாயிடும் சார். காத்துப் படணும். ஜன்னல் பக்கமா ஆணி அடிச்சு, உயரத்துல மாட்டுங்க.”

முன்னறை ஜன்னலை ஒட்டி ஆணி அடித்து மாட்டினார். அடுத்த நாள் ஏறியது இரண்டு. கடைக்குப் போய்வரவே அதைவிட அதிகம் செலவாகிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேஜையில் மாமனார் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, தூக்கம் சரியில்லையா?”

“கண்ணு கூசுது மாப்பிள்ளை.”

“வயசானா அப்படித்தான் மாமா. கண்ணுல புரை விழ ஆரம்பிச்சிருக்கும். ஞாயித்துக்கிழமை முடியட்டும், கடைக்கு வாங்க, பார்த்துடலாம்.” சொட்டு மருந்து ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்காரர் சார்ஜர் பெட்டியோடு கிளம்பிவிட்டார். அவர் கவலை அவருக்கு.

“இது சரியில்லம்மா. மாத்திக் குடு. உங்க கடையிலேயே ஒசத்தி எதுவோ அதைக் குடு.”

அவள் கொடுத்த ஒசத்திச் சரக்கைச் சுற்றி நீல வெளிச்சம் வளையமாக ஓடியது. அன்று மாலை அதை ஜன்னலோரம் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் வாசல் முழுவதும் சினிமாக் கொட்டகை முகப்பு மாதிரி ஜொலித்தது. எதிர்வீட்டுக்காரர்கூட வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடிக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலை ஏறியிருந்தது ஒன்றே ஒன்று. காரில் மிச்சம் பதினெட்டு.

மச்சான் ஒரு கயிற்றுச் சுருளோடு வந்து சேர்ந்தான்.

“என்னடா இது?”

“நாளைக்கு நீங்க வழியில நின்னா, என் வண்டியில கட்டி இழுக்கத்தான். உறுதியான கயிறா பார்த்து வாங்கினேன், மச்சான்.”

மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. கண்ணாடிக்காரருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நீல வளையத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் பறந்தார்.

“எல்லாம் வித்துப்போச்சு சார். திங்கக்கிழமைதான் சரக்கு வரும்” என்றாள் கடைக்காரப் பெண்.

“திங்கக்கிழமை வந்தா எனக்கு எதுக்கும்மா? நாளைக்கு என் மானமே போகப்போகுது! ஓட்டையோ உடைசலோ, ஏதாவது ஒண்ணைக் குடு.”

அவள் தயங்கித் தயங்கிக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, தூசி படிந்த ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தாள்.

“காட்சிக்கு வச்சிருந்தது சார். நாள் முழுக்க எரியவிட்டு இதோட லைட்டெல்லாம் போயிடுச்சு. சார்ஜ் நல்லா ஏறும். ஆனா பார்த்தா ஓடுதா இல்லையான்னே தெரியாது. இதைப் போய் எப்படி சார் உங்களுக்கு…”

கண்ணாடிக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேபிளின் கனத்தை விரலால் அழுத்தினார். வேறு வழியில்லாத மனிதனுக்கு அந்தக் கணத்தில் ஒரு தத்துவம் பிறந்தது.

“இதாம்மா நிஜமான சார்ஜர். அதுங்க எல்லாம் கரண்டைத் தானே தின்னுட்டு மினுக்குதுங்க. இது உழைக்கிற ஜாதி. முகத்துல ஒண்ணும் காட்டாது.”

சாயங்காலம் மாட்டினார். அது உம்மென்று தொங்கியது. “ஓடுதாங்க?” என்று மனைவி கேட்டதற்கு, “நம்பிக்கைதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார்க் கதவை மெல்லத் திறந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தார். மற்ற கண்ணையும் திறந்து பார்த்தார். பிறகு தெருவே அதிரக் கத்தினார்.

“நூறு! அடியே, நூறு!”

மனைவி ஓடி வந்து பார்த்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக் குதித்தாள். அந்தச் சந்தோஷத்தில் கண்ணாடிக்காரர் கறுப்புப் பெட்டிக்கு ஒரு முத்தமே கொடுத்துவிட்டார்.

பயணம் அமர்க்களமாகப் போனது. கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பின்னால் கயிற்றோடு தொடர்ந்து வந்த மச்சானின் பெட்ரோல் கார் பாதி வழியில் புகை கக்கி நின்றுவிட்டது. மச்சான் இறங்கி வந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, மின்சாரக் காரின் பின் சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் ஒடுங்கினான். கயிற்றுச் சுருள் அவன் மடியில் இருந்தது.

“கயிறு உறுதியானதுதானே மச்சான்?” என்று கண்ணாடிக்காரர் அன்பாக விசாரித்தார். மச்சான் சுருளைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

மண்டப வாசலில் நரைத்த தலைகளும் வழுக்கைத் தலைகளுமாகப் பழைய மாணவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். “சார் மின்சாரக் கார்லயா வர்றாரு!” என்று ஆச்சரியப்பட்டார்கள். கைதட்டல் வேறு. மாமனார் நெஞ்சை நிமிர்த்தி இறங்கினார். விட்டால் பறந்துவிடுவார் போலிருந்தது.

விழா முடிந்து, மாலையும் கழுத்துமாக அவர் காருக்குத் திரும்பியபோது, கண்ணாடிக்காரர் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, கூடவே எடுத்து வந்திருந்த கறுப்புப் பெட்டியைப் பற்றி ஒரு கூட்டத்துக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கேபிளின் கனம், மினுக்காமல் உழைப்பது என்று வெளுத்து வாங்கினார். மாமனாரும் நின்று கேட்டார். பிறகு மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

“ரொம்ப நல்ல தேர்வு, மாப்பிள்ளை. அபாரம்.”

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்துக் காத்திருப்பு! மனைவிகூட அப்பாவை அதிசயமாகப் பார்த்தாள். மச்சானுக்குத்தான் பொறுக்கவில்லை.

“சார்ஜரைப் பத்தி உங்களுக்கு என்னப்பா தெரியும்?”

“ஏன்டா தெரியாது?” என்றார் மாமனார். “முன்னாடி இருந்ததுங்க எல்லாம் வண்டி தூங்குற நேரத்துல வெட்டியா வெளிச்சம் போட்டுக்கிட்டு நின்னுச்சு, தினம் ராத்திரி நான்தான் எழுந்து போயி ஸ்விட்சை அணைச்சுட்டு, விடியறதுக்குள்ள மறுபடி போட்டு வைப்பேன் — இது ஒண்ணுதான்டா, ராத்திரியானா ஒழுங்கா தானே அணைஞ்சுக்குது!”