பதின்மூன்று ராஜாக்களும் ஒரு தலைமையாசிரியரும்

பெட்டியைத் திறந்து பார்த்த ஸ்காட்லாந்துப் பள்ளி ஆசிரியை ரோனா டல்லாக், "அட கடவுளே!" என்று மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நூலகத்திடம் அவள் கேட்டது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான இடைக்கால ஸ்காட்லாந்துப் பெட்டி. வந்திருந்ததோ இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியும் அவனுடைய ஆறு மனைவிகளும். எல்லாம் மரப்பொம்மைகள். ராஜா தலையை வெட்டச் சொன்ன இரண்டு ராணிகளுக்கு மட்டும் தலை தனியாகக் கழன்று வரும்.

"இவன் எங்கே இங்கே வந்தான்?" என்றார் பள்ளிக்கூடக் காவலாளி ஆர்ச்சி. பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்தவர் அவர்தான். "திருப்பி அனுப்பும்மா."

"அனுப்பிட்டு? சரியான பெட்டி ஜூன் மாசம்தான் கிடைக்குமாம். வெள்ளிக்கிழமை கவுன்சில்லேருந்து மிஸஸ் டிரம்மண்ட் என் பாடத்தைப் பார்க்க வர்றாங்க. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஆகஸ்ட்லேருந்து எனக்கு இங்கே நிரந்தர வேலை. இல்லேன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"இன்னிக்கே புதன்கிழமை ஆச்சே!"

"அதைத்தான் சொல்றேன்!"

இணையத்தில் தேடினாள். குகைச் சிலந்தியைப் பார்த்துத் தைரியம் பெற்ற ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் புரூஸின் கதை நாற்பத்தோரு விதமாகக் கிடைத்தது. அச்செடுத்துக் கொடுத்ததும் ஃபின்லா என்ற வாயாடிப் பெண் கையைத் தூக்கினாள்.

"மிஸ், இந்தச் சிலந்தியை ஒண்ணாம் வகுப்புல வரைஞ்சோம். ரெண்டாம் வகுப்புல கம்பளி நூல்ல பின்னினோம். போன வருஷம் பாட்டே பாடியாச்சு. பாவம் மிஸ், அதை விட்டுடுங்க."

சரி, வீட்டிலிருந்து ஏதாவது பழைய ஸ்காட்லாந்துப் பொருள் கொண்டுவாருங்கள் என்றாள். அது இன்னும் வம்பாகப் போயிற்று. வியாழன் காலையில் பாத்திரம் துடைக்கும் துணி நான்கு, ஒரு கோல்ஃப் மட்டை, லாக் நெஸ் ஏரிப் பூதம் ஒட்டிய காந்தம் ஆகியவை வந்துசேர்ந்தன. மர்டோ என்ற பையன் மட்டும் நிஜ வாளையே கொண்டுவந்துவிட்டான். அவள் "டேய்!" என்று கத்துவதற்குள் ஜன்னல் திரை இரண்டாகிவிட்டது. வாளைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இனி பொருளே வேண்டாம், பிள்ளைகளே போதும் என்று முடிவு கட்டினாள். கதையை ஆரம்பித்தாள். 1290-ல் ஸ்காட்லாந்தின் ராணி ஏழு வயதுக் குழந்தை. கப்பலில் வரும் வழியில் இறந்துபோனாள். சிம்மாசனம் காலி. எனக்குத்தான் என்று பதின்மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள்.

"யாரெல்லாம் அந்தப் பதின்மூணு பேரா நடிக்கிறீங்க?"

இருபத்தாறு கைகள் உயர்ந்தன. சீட்டுப் போட்டுப் பதின்மூன்று பேரைப் பிரித்தாள். காகிதக் கிரீடம் தலையில் ஏறியதும் பிள்ளைகளுக்கு உண்மையாகவே ராஜகளை வந்துவிட்டது, ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எங்க வம்சம் ராஜ வம்சம்!"

"உங்கப்பா மீன் கடை வெச்சிருக்கார்டா!"

"ராஜா மீன் சாப்பிட மாட்டானா?"

மதிய இடைவேளைக்குள் செய்தி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. என் மகனுக்கு ஏன் கிரீடம் இல்லை என்று மூன்று பேர் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ரோனாவுக்குத் தலை கிறுகிறுத்தது. நாளைக்கு மிஸஸ் டிரம்மண்ட் வந்து பார்த்தால் இந்தக் குடுமிப்பிடிச் சண்டைதான் பாடமா?

"அப்போ நிஜத்துல என்ன பண்ணாங்க மிஸ்?" என்றாள் ஃபின்லா.

"தீர்ப்புச் சொல்லச் சொல்லி இங்கிலாந்து ராஜா எட்வர்டைக் கூப்பிட்டாங்க" என்றாள் ரோனா, அலுப்போடு.

அந்தச் சின்ன ஊரில் பதின்மூன்று பேரில் யாருக்கும் மாமனோ சித்தப்பனோ ஆகாத ஆள் ஒருவர்தான்: தலைமையாசிரியர் பிரதர்டன். இங்கிலாந்திலிருந்து வந்த யார்க்‌ஷயர்க்காரர். ரோனா அவரிடம் போய், "சார், யார் ராஜான்னு பசங்களுக்குள்ள சண்டை. நீங்க வந்து ஒரு முடிவு சொல்லணும்" என்றாள்.

அப்பத்தைப் பங்கு போடக் குரங்கைக் கூப்பிட்ட பூனைகளின் கதை ஆயிற்று.

பிரதர்டன் வந்து நின்றார். "முதல்ல ஒண்ணு. இந்தப் பள்ளிக்கூடத்துல கடைசி வார்த்தை என்னோடது. அப்படின்னு எழுதிப் பதின்மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க."

கிரீட ஆசையில் எல்லாரும் போட்டார்கள். அவர் சுற்றிலும் பார்த்து, இருப்பதிலேயே பேசாத பையனான இன்னிஸைக் காட்டி, "நீதான் ராஜா" என்றார். பிள்ளைகள் இன்னிஸை மூலையில் கிடந்த பெரிய சாம்பல் நிற உடற்பயிற்சி மெத்தைமேல் உட்கார வைத்தார்கள். பழைய ராஜாக்கள் முடிசூடுவதற்கு உட்கார்ந்த கல்லாக அதை வைத்துக்கொள்ளலாம் என்று ரோனா சொல்லியிருந்தாள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"ராஜா, இங்கே வா. வராந்தாவுல விழுந்து கிடக்கிற கோட்டுங்களையெல்லாம் ஆணியில மாட்டு. ராஜா, உங்க வகுப்புப் பந்து இனிமே என் ரூம்ல இருக்கும்."

கடைசியில் மெத்தையையே தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "தீப்பிடிக்கிற சாமான். விதிப்படி இங்கே இருக்கக் கூடாது."

இன்னிஸ் அழுதான். ரோனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த ஒரு பாடத்தையும் கெடுத்துவிட்டானே இந்த மனுஷன்! வேலை போச்சு!

ஃபின்லா மெதுவாகக் கேட்டாள். "மிஸ், எட்வர்டும் அந்தக் கல்லைத் தூக்கிட்டுப் போனாரா?"

ரோனாவுக்குச் சுரீரென்றது. கையெழுத்து, சாதுவான ராஜா, அதிகாரம், கல். அன்று எட்வர்ட் செய்தது ஒன்று விடாமல் அப்படியே! அடடா, வரலாற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு நடிக்கிறாரா இவர்? இவரைப் போய்த் திட்டினேனே!

"ஆமாண்டி, தூக்கிட்டுப் போனார்" என்றாள். "அப்புறம் நம்ம ஆளுங்க சும்மாவா இருந்தாங்க?"

அவ்வளவுதான். பதின்மூன்று ராஜாக்களும் சண்டையை மறந்து ஒன்றாகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் விளையாட்டு மைதானம் முழுக்க 'எட்வர்ட் ஒழிக' என்று சாக்பீஸ் எழுத்து. மிஸஸ் டிரம்மண்ட் வந்து உட்கார்ந்தபோது வகுப்பே அந்தக் காலத்து ஸ்காட்லாந்துப் பிரபுக்களைப் போலப் பட்டயம் எழுதிக்கொண்டிருந்தது. மெத்தை வராவிட்டால் கணக்குப் பாடம் கிடையாது என்பது அதன் சாரம். மதிய உணவுப் பாலாடைக்கட்டிமேல் இருந்த சிவப்பு மெழுகை உருட்டி, இருபத்தாறு பேரும் கட்டைவிரல் முத்திரை வைத்தார்கள்.

பிறகு ஊர்வலம். முன்னால் இன்னிஸ். நேற்று வாயே திறக்காத பையன் தலைமையாசிரியர் அறைக் கதவை இடித்து, "எங்க கல்லைக் குடுங்க!" என்று கூவினான். பின்னால் இருபத்தைந்து தொண்டைகள்.

கதவைத் திறந்த பிரதர்டன் பட்டயத்தைப் பார்த்தார். முத்திரைகளைப் பார்த்தார். ஊர்வலத்தின் பின்னால் நின்று கைதட்டும் கவுன்சில் அம்மாளைப் பார்த்தார். மெத்தையை நீட்டினார். பந்தையும் நீட்டினார். பள்ளிக்கூடமே அதிர்ந்தது!

நேற்று நடந்ததை ரோனா சொல்லக் கேட்ட மிஸஸ் டிரம்மண்ட் அங்கேயே, கதவில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "முப்பது வருஷத்துல இப்படி ஒரு வரலாற்றுப் பாடம் பார்த்ததில்லை ரோனா. ஆகஸ்ட்லேருந்து நீ இங்கேதான். மிஸ்டர் பிரதர்டன், உங்க நடிப்பு பிரமாதம்!"

"நான் எப்பவும் செய்றதைத்தான் செஞ்சேன்" என்றார் பிரதர்டன்.

"என்ன அடக்கம்!" என்று உருகிப்போனாள் அந்த அம்மாள்.

சாயங்காலம் ரோனா, மைதானத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஆர்ச்சியிடம் ஓடினாள். "வேலை கிடைச்சாச்சு ஆர்ச்சி! எல்லாம் நம்ம சார் புண்ணியம். எட்வர்டாவே மாறி என்னமா நடிச்சார் தெரியுமா?"

ஆர்ச்சி குழாயை மூடினார். "நடிச்சாரா? இப்பத்தாம்மா என்கிட்ட வந்து, 'ஆர்ச்சி, அந்த எட்வர்டுங்கிற பையன் எந்த வகுப்பு? பாவம், ஸ்கூலே சேர்ந்து அவனைத் திட்டுது, அவங்கம்மாவை வரச் சொல்லு'ன்னுட்டுப் போறார்!"