காம்பவுண்டுச் சுவரில் ஆனிமேரி

தல்லாகுளம், மதுரை.

அன்புத் தம்பி மெர்வினுக்கு, அக்கா ஆனிமேரி ஆண்டவர் பெயரால் ஆசி கூறி எழுதுவது. நானும் உன் மச்சானும் உடம்பளவில் நலம். மனசு சரியில்லை. அதற்கு நீதான் காரணம்.

பிறந்தநாளுக்கு ஒரு சேலை எடுத்துத் தராமல் இரண்டு புத்தகங்களை அனுப்பி வைத்தாய். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு கலைஞன் தூங்குகிறான் என்றது ஒன்று. பென்சிலால் கோடு போட்டு வாசித்து முடித்து, கலைஞனை எழுப்ப மொட்டை மாடியில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கொசுதான் எழுந்தது. அடுத்தவர் ஒட்டிய அடையாளங்களைக் கழற்றினால்தான் நீ யாரென்று தெரியும் என்றது மற்றது. சரி, கழற்றிப் பார்ப்போமே என்றிருந்த நேரத்தில் மருமகள் ஜாய்ஸ், "அத்தே, பால் பொங்குது!" என்று கத்தினாள். அத்தை என்பது அடுத்தவர் ஒட்டியதுதானே? நான் திரும்பவில்லை. பால் முழுக்க அடுப்பில். அவள் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பஸ் போர்டைத் தவிர எதையும் வாசிக்காத உன் மச்சான், முடிவெட்டப் போன இடத்தில் பொழுது போக என் புத்தகத்தில் இருபது பக்கம் புரட்டிவிட்டு வந்து, "மேரி, எனக்குள்ள ஒரு ஓவியன் இருக்கான்" என்றார்.

"இம்புட்டு நாளா எங்க இருந்தானாம்?"

"கப்பலூர் கம்பெனியில ஷிஃப்ட்டு பாத்துக்கிட்டு இருந்தான்."

மறுநாளே சிம்மக்கல் போய் டிஸ்டெம்பர் வாங்கி வந்து, காம்பவுண்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு வரைந்துவிட்டார். யாரை? என்னை! கண்ணாடி, கொண்டை, அகலத் திறந்த வாய். தெருவே நின்று பார்க்கிறது. மார்க்கெட்டிலிருந்து வர ஒரு ஆட்டோக்காரரிடம் விலாசம் சொன்னால், "கத்துற அம்மா படம் போட்ட வீடுதானக்கா?" என்கிறார். பிறகு வண்டிக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தவர் ஆட்டோவை விரட்டு விரட்டென்று விரட்டினார். பங்குத்தந்தை வேறு வந்து, "இன்பசேகரன், கடவுள் குடுத்த வரம்யா இது" என்று உன் மச்சான் தோளைத் தட்டுகிறார். விவரம் தெரிந்த நாளிலிருந்து வாசிக்கிறவள் நான், தம்பி! கோடு போட்டு வாசித்தவள் நான்! இருபது பக்கத்துக்கு வரமாம்!

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஊரெல்லாம் சிரிக்கணும்னே நான் கத்துற மாதிரி வரைஞ்சீகளாக்கும்?"

அவர் திகைத்துப் போனார். "கத்துறதா? புஸ்தகம் வாசிக்கிறப்ப தனியா உக்காந்து சிரிப்பேல்ல, அதத்தான் வரைஞ்சேன். எனக்கு உன்னைய நெனச்சா அதுதான் ஞாபகம் வரும்."

சண்டை போடவும் வழியில்லாமல் செய்துவிட்டார். அதுவும் உன்னால்தான். ஆகவே இனி இந்த வீட்டுக்கு ஒரு புத்தகமும் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, சுவருக்கு வெள்ளையடிக்கும்படி உன் மச்சானுக்குப் புத்தி சொல்.

உன் மனைவிக்கு என் அன்பு, குட்டி ஆஷ்லினுக்கு முத்தங்கள். மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கோபத்துடன் அக்கா,
ஆனிமேரி

பின்குறிப்பு: ஞாயிறு வர வேண்டாம். நேற்று ஒரு மாடு வந்து சுவரில் உரசியதில் என் மூக்கு அழிந்துவிட்டது. உன் மச்சான் தூங்கும்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நானே வரைந்தேன். அவர் வரைந்ததைவிட நன்றாகவே வந்திருக்கிறது. காது வரைவதற்கு ஏதாவது புத்தகம் இருந்தால் உடனே அனுப்பு.