கச்சான் அக்காவின் பல்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் மட்டும் பிழையில்லை: கனடாவின் ஸ்காபரோவில் கார் ஓட்டும் தமிழரில் பாதிப்பேர் உயிரோடு இருப்பது கச்சான் அக்காவின் பல்லால்தான்.

அக்காவின் தொழில் கார் பழக்குவது. வறுத்த கச்சான், அதுதான் நிலக்கடலை, ஒரு பை இல்லாமல் காரில் ஏறமாட்டார்.

எனக்குப் பக்கத்து ஊரான மார்க்கத்தில் ஒரு பேக்கரியில் வேலை சரிவந்திருந்தது. விடியுமுன் அங்கே நிற்க வேண்டும். அந்த நேரம் பஸ் இல்லை. லைசென்ஸ் எடுத்தால்தான் வேலை. அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. அக்கா வகுப்பை ஒன்லைனுக்கு மாற்றினார்.

பழகவந்த நாங்கள் ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்தபடி திரைக்கு முன் இருந்தோம். காலடியில் கிடந்த செருப்புத்தான் பிரேக். அக்கா ஒரு வீதிப் படத்தை ஓடவிட்டார்.

"பிரேக்! பிரேக்! ஐயோ தம்பி, மனிசியை அடிச்சிட்டீர்!"

"எந்த மனிசி, அக்கா?"

"ரோட்டைக் கடந்த மனிசி. இனி எங்கை கடக்கிறது, பாவம்!"

நான் தட்டோடு கொன்றவர்களுக்குக் கணக்கில்லை. திரையில் என் தலை மட்டுந்தான் தெரியும். "உமக்குக் கால் இருக்கோ, இல்லாட்டிக் கழுத்தோடை சரியோ?" என்று கேட்டார். வீதிச் சட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். எப்போது பிரேக்கில் காலை வைப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

பிறகு காரில் பழக்க அனுமதி வந்தது. அக்கா மாஸ்குக்குக் கீழால் கச்சானைத் தள்ளித் தள்ளிக் கொறித்தார். கொறுக், கொறுக். எக்ளின்டன் வீதியில் திடீரென்று சத்தம் நின்றது. என்னை அறியாமல் பிரேக்கை அமத்தினேன். நின்றிருந்த வான் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் பாய்ந்தது. அக்கா அடுத்த கச்சானை வாய்க்குள் தள்ளினார். கொறுக்.

அப்போதுதான் விளங்கியது. கண் ஆபத்தைக் கண்டதும் அவர் வாய் நின்றுவிடும். ஒன்லைனிலும் கொறித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்; கம்பியூட்டர் அதை வெறும் இரைச்சல் என்று வடிகட்டிவிட்டது. பாடமே அதுதான் என்று அதற்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

போகப்போக, சத்தம் நிற்குமுன்னரே என் கால் பிரேக்குக்குப் போகத் தொடங்கியது.

லைசென்ஸ் சோதனையன்று பக்கத்தில் இருந்த அதிகாரி எதையும் தின்னவில்லை. எனக்கு வேர்த்தது. மனதுக்குள் நானே கொறித்தபடி ஓட்டினேன். பள்ளிக்கூடத்தடியில் அந்தக் கொறிப்புத் தானாக நின்றது. பிரேக்கை அமத்தினேன். ஒரு பந்து உருண்டு வந்தது. பின்னால் ஒரு பெடியன்.

"அக்கா, பாஸ்! உங்கடை கச்சானாலைதான்!"

"கச்சானாலையோ? உமக்கென்ன விசரே? வாய் கிழியக் கத்தினது நான்!"

இப்போது தினமும் மார்க்கத்துக்குத் தனியாகத்தான் ஓடுகிறேன். பக்கத்து சீட்டில் கொறுக், கொறுக் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது கேட்கும்வரை எனக்குப் பயமில்லை.

2023 நவம்பர் 26, ஞாயிறு