வெட்ட வேண்டாத புல்

தொண்ணூறுகளின் நடுவில், வன்னியம்பட்டி மக்களின் இடுப்புவலியைப் போக்க அரசு முடிவு செய்தது.

தீவன அபிவிருத்தி அலுவலர் அழகியமணவாளன், ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவரின் பங்களாவுக்கு டீ குடிக்கப் போயிருந்தார். அங்கே வாசலில் வெளிநாட்டிலிருந்து தருவித்த அழகுப் புல் இருந்தது. ஜீனை மாற்றிய புல், வெட்டவே வேண்டாம் என்று முதலாளி பெருமைப்பட்டார். புல்லறுக்கும் மாட்டுக்காரர்களை நினைத்து அலுவலருக்கு டீ இறங்கவில்லை. அடுத்த மாதமே அந்த விதை எங்கள் ஊருக்கு வந்துவிட்டது.

"இனிமே புல்லறுக்கிற வேலையே கிடையாது" என்று கூட்டத்தில் அறிவித்தார்.

சண்முகத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு செவலைப் பசுவை வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். வரப்பு வரப்பாகக் குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"அறுக்கலன்னா மாட்டுக்கு என்னத்தப் போட?" என்று கேட்டான் அவள் புருஷன் தவசிமுத்து.

"நீங்க செத்த சும்மா இருங்க. அவிய எம்புட்டுப் படிச்சவிய" என்றாள்.

நல்ல கேள்விதான். நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்ததால் வேறு யார் காதிலும் விழவில்லை. இருந்த தீவனச் சோளத்தை உழுது தள்ளிவிட்டு விதைத்தோம்.

புல் விரலுயரம் வந்தது. நின்றுவிட்டது. செவலை ஒரே காலையில் அத்தனையையும் மேய்ந்துவிட்டு, மறுநாளும் ஆசையோடு போனது. மண்தான் இருந்தது. சண்முகத்தாய் ஆபீசுக்கு ஓடினாள்.

"சார், மேஞ்ச புல்லு வளர மாட்டேங்கு."

"வளரக் கூடாதும்மா. வளந்தா அறுக்கணும்ல?"

"மாடு பட்டினி கெடக்கு சார்."

அழகியமணவாளன் பதறி எழுந்தார். "மாட்டை யாரு புல்லுக்குள்ள விட்டது?"

அன்றே உத்தரவு வந்தது. தீவனப் புல்லைத் தீவனமாகப் பயன்படுத்துவது தண்டனைக்குரியது. மறுபடி விதைத்துக் கொடுத்து முள்வேலியும் போட்டார்கள். காவலுக்குத் தவசிமுத்துவையே நியமித்தார்கள். தன் வயலிலிருந்து தன் மாட்டை விரட்ட அவனுக்குச் சம்பளம்.

செவலைக்கு விலா எலும்பு தெரிந்தது. பால் சுண்டி, பிறகு நின்றேபோனது. சண்முகத்தாய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் மாடும் பக்கத்துக் கொட்டிலில் அதே கோலத்தில்தான் நின்றது.

இந்த நிலையில் மேலதிகாரி சம்பத்குமார் ஆய்வுக்கு வந்தார்.

"ஏம்மா, மாட்டைக் கறக்கலையா?"

"கறக்கிற வேலையே இல்ல சார்" என்றாள், வெறுத்துப்போய்.

அவர் முகம் மலர்ந்தது. "அந்த வேலையும் மிச்சமா?"

வன்னியம்பட்டி முன்மாதிரிக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. கேடயம் வழங்கும் விழாவில் செவலைக்குச் சாமந்தி மாலை போட்டு மேடையேற்றினார்கள். வரவேற்புரை முடிவதற்குள் அது மாலையைத் தின்று முடித்து, அலுவலரின் மாலையைப் பார்த்தது. வந்தவர்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தார்கள். வெளியூர்ப் பாலில் கிண்டியது.

அழகியமணவாளன் மைக்கைப் பிடித்தார். "அடுத்ததா நெல்லு. நாத்து நட்டாப் போதும். அறுப்பே கிடையாது."

சண்முகத்தாய் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"எம்பேர மொதல்ல எழுதுங்க சார்."

நான் பால்கோவாக் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் வரிசை ஊரைத் தாண்டிப் போய்விட்டது. விதை தீர்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டே கடைசியில் போய் நின்றேன்.