ரசீதுகளுக்கு விடிவு தந்த ஸ்கேனர்

நெருப்பில் தொடங்கிய மனிதகுலத்தின் முன்னேற்றம், ரசீதுகளைப் படமெடுத்து அடுக்கும் கையடக்க ஸ்கேனரோடு நிறைவடைந்துவிட்டது. இனிமேல் கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கியில்லை. அமெரிக்காவின் டுலூத் நகரில் பிறருடைய வருமான வரிப் படிவங்களை நிரப்பிப் பிழைக்கும் நான் இதைப் பொறுப்போடு சொல்கிறேன்.

என் வாடிக்கையாளர் வெண்டல் ராஸ்க், புகைபோக்கிகளைச் சுத்தம் செய்யும் நிறுவனத்தின் தலைவர். நிறுவனத்தின் ஒரே தொழிலாளியும் அவர்தான். வரிக் கணக்குக் காட்ட வேண்டிய ஏப்ரல் நெருங்கினால் ஒரு ஷூ பெட்டியோடு வருவார். உள்ளே கரியும் காப்பிக் கறையும் படிந்த ரசீதுகள். உணவக ரசீதின் பின்பக்கத்தில், யாரோடு சாப்பிட்டோம், என்ன தொழில் பேசினோம் என்று எழுதிவைப்பது இங்கே வழக்கம். அப்போதுதான் அதில் பாதியைத் தொழில் செலவாகக் கழிக்கலாம். வெண்டல் தவறாமல் எழுதுவார். நான் படித்ததில்லை, படிக்கவும் முடியாது. ஒருமுறை தணிக்கைக்கு வந்த அதிகாரி பெட்டியைத் திறந்தார், தும்மினார், மூடினார், "எல்லாம் சரி" என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த இருண்ட காலம் ஒரு ஜனவரியில் முடிந்தது. வெண்டல் 'ஒழுங்கே உயர்வு' என்ற கருத்தரங்குக்குப் போய், ஸ்கேனரோடு திரும்பினார்.

"உள்ள நுழைச்சா போதும்யா. ரெண்டு பக்கத்தையும் படிச்சு, ஆள் பேரு வாரியா அதுவே அடுக்கிடுது. என் கையெழுத்தக்கூடப் படிக்குது!"

"உன் கையெழுத்து உனக்கே புரியாதே!"

"அதான் நீ முன்னேறாம இருக்க."

"எதுக்கும் அந்தப் பெட்டிய வச்சிரு, வெண்டல்."

"குப்பைக்குப் போயிடுச்சு. விஞ்ஞானத்த நம்பணும்யா."

படிவத்தை அனுப்பிய பிறகு வந்த கோடையில் தணிக்கைக்கு அழைப்பு வந்தது. செலவுகளை ஏற்காவிட்டால் வரி, அபராதம், வட்டி எல்லாம் சேர்ந்து அவருடைய வேனையே விற்க வைக்கும். வெண்டலோ என்னோடு வரி அலுவலகத்துக்கு மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தார்.

அதிகாரி பெர்னடெட் க்விஸ்ட் கணினியில் கோப்பைத் திறந்தார். "ரொம்ப அழகா இருக்கு," என்றார். வெண்டல் என் விலாவில் இடித்தார்.

"இதுல பெரிய கோப்பு ஹால்வர்சன்ங்கிறவரோடது. சனிக்கிழமை தவறாம மதியச் சாப்பாடு. 'புகைபோக்கி குறித்து ஆலோசனை'ன்னு எழுதியிருக்கீங்க. அவர்கிட்ட எத்தன புகைபோக்கி இருக்கு?"

"ஒண்ணு, மேடம்."

"அவருக்கு என்ன வயசிருக்கும்?"

"எண்பதத் தாண்டியிருக்கும்."

"எப்பப் பாத்தாலும் குழந்தைங்க சாப்பாடே வாங்குறாரே?"

"பல்லு இல்ல, மேடம்."

"டைனோசர் பொம்மையுமா?"

"தனியா இருக்கார், பாவம்."

"போன வருஷ ஜூலைல தண்ணிச் சறுக்குப் பூங்காவுக்கு மூணு டிக்கெட். அதுவும் அவர் பேர்லதான் இருக்கு."

வெண்டல் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தேன்.

"புகை இல்லாத இடமா உக்காந்து பேசலாம்னு..."

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தன பேர், மிஸ்டர் ராஸ்க்?"

"ரெண்டு, மேடம்." குரல் புகைபோக்கிக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது.

அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு வெண்டல் மிச்சமிருந்த தன்மானத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டார்:

"அது கிடக்கட்டும். எல்லாம் ஒழுங்கா இருக்கா, இல்லையா?"

அதிகாரி எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என் சர்வீஸ்லயே, தனக்கு எதிரான சாட்சியத்த இவ்வளவு ஒழுங்கா அடுக்கிக் குடுத்தவர் நீங்க ஒருத்தர்தான்."